ஊதியம் தானாக உயர்வதில்லை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் இளைஞருக்கு வேலை கிடைப்பது இன்று அவ்வளவு கடினமல்ல. கிடைத்த வேலையில் முன்னேறுவதுதான் கடினம். ஒசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று விரிந்திருக்கும் தொழிற்பேட்டைகளில் 'ஆட்கள் தேவை' என்ற அறிவிப்பைக் காண்பது அரிதல்ல. அதே தொழிற்பேட்டைகளில் மூன்று, நான்கு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து ஒரு படிகூட ஏறாமல் வெளியேறும் இளைஞர்களும் பலர். இருபது வயதில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளர். இருபத்து மூன்றில் மற்றொன்றில் ஒப்பந்தத் தொழிலாளர். இருபத்தாறில் வேறொன்றில் மீண்டும் பயிற்சியாளர். முப்பதை நெருங்கும்போது, 'எங்களுக்கு வயது குறைந்தவர்களே தேவை' என்ற பதில்.

கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இத்தகைய இளைஞர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்களுடைய உழைப்பில் குறையொன்றும் இல்லை. தங்கள் ஊதியம் எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதே குறை. 'ஒழுங்காக வேலை செய். மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்பதே வீட்டில் அவர்கள் கேட்டு வளர்ந்த அறிவுரை. அந்த அறிவுரை ஒரு காலத்தில் இதே ஒசூரில் பெரிதும் உண்மையாக இருந்தது. இன்று அதை நம்பியிருப்பவர் ஏமாற்றமடைகிறார். இடையில் என்ன மாறியது?

ஒரே ஊர், இரு தலைமுறைகள்

1971-இல் சிப்காட் நிறுவப்பட்டபின் அதன் தொடக்ககாலத் தொழில் வளாகங்களுள் ஒன்று ஒசூரில் அமைந்தது. மழையை நம்பி ராகி விளைந்த மேட்டுநிலம் அது. ஆனால் பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பின்தங்கிய பகுதிக்கான சலுகையும் பெருநகரின் அண்மையும் ஒருசேரக் கிடைத்ததால் தொழில்கள் வந்தன. 1980-இல் அசோக் லேலண்டின் ஒசூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஒசூரிலிருந்து சந்தைக்கு வந்தது. டாடா குழுமமும் டிட்கோவும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் முதல் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் இங்கேயே அமைந்தது.

அந்தத் தலைமுறைத் தொழிலாளரில் பலர் ஐ.டி.ஐ. அல்லது பள்ளிப் படிப்புடன் சேர்ந்து, பயிற்சிக்காலம் முடித்து, நிரந்தரப் பணி பெற்று, அதே ஆலையில் ஓய்வுபெற்றனர். ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஊதிய ஒப்பந்தம், பணிமூப்பின் அடிப்படையில் பதவி உயர்வு என்று ஏணி ஒன்று இருந்தது. காலை எடுத்து வைத்தால் போதும். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. ஒசூரின் பல குடியிருப்புகளில் உள்ள வீடுகளும், அவ்வீடுகளில் பொறியியல் படித்த பிள்ளைகளும் அந்த ஏணியின் விளைவுகள்.

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஒசூர் மாநகராட்சியானது. அடுத்த சில ஆண்டுகளில் மின்வாகனமும் மின்னணுவும் வந்தன. ஒசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் எனப் பெரிய ஆலைகள் எழுந்தன. போச்சம்பள்ளி ஆலையை முற்றிலும் பெண்களே நடத்துவார்கள் என்றும், 10,000 பெண்கள் வேலை பெறுவார்கள் என்றும் ஓலா 2021-இல் அறிவித்தது நாடெங்கும் பேசப்பட்டது. இன்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மட்டுமன்றி, ஜார்க்கண்ட் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் இந்த மாவட்டத்துக்கு வேலைக்கு வருகிறார்கள்.

வேலைகள் பெருகின. ஆனால் ஏணி அதே வேகத்தில் நீளவில்லை. நாடு முழுவதும் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் 2000-ஆம் ஆண்டளவில் ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு, இன்று ஐந்தில் இருவர் என்ற அளவை எட்டியிருப்பதைத் தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. இந்தப் போக்குக்கு ஒசூர் விலக்கல்ல. ஒரே கூரையின்கீழ் நிரந்தரத் தொழிலாளர், குறித்த காலப் பணியாளர், ஒப்பந்ததாரர் வழி வந்தவர், தொழில் பழகுநர், பயிற்சியாளர் என ஐந்து வகையினர் வேலை செய்வது இன்று இயல்பாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் இருவரின் எதிர்காலம் முற்றிலும் வேறாக இருக்கலாம்.

ஊதியத்தைத் தீர்மானிப்பது எது?

உழைப்புக்கு ஏற்ற கூலி என்பது அறம். ஆனால் சந்தையில் கூலியைத் தீர்மானிப்பது, அந்த உழைப்பாளிக்கு வேறு எங்கே, என்ன விலை கிடைக்கும் என்பதே. ஓர் ஊரில் ஒரே ஒரு முதலாளி மட்டும் இருந்தால், தொழிலாளி எவ்வளவு உற்பத்தி செய்தாலும் அதன் மதிப்புக்குக் குறைவாகவே கூலி பெறுவார். இதை 'வாங்குவோர் முற்றுரிமை' என்று 1933-இல் எழுதிய நூலில் விளக்கினார் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன்.

ஒசூரில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உள்ளனவே, இங்கே அந்த முற்றுரிமை எப்படி வரும் என்று கேட்கலாம். நிறுவனங்கள் பல இருந்தாலும், அவற்றைப் பற்றிய தகவல் தொழிலாளியிடம் இல்லாவிட்டால், அவருடைய திறமைக்கு வேறிடத்தில் சான்று இல்லாவிட்டால், விடுதியையும் கம்பெனிப் பேருந்தையும் விட்டு வெளியேறும் துணிவு இல்லாவிட்டால், அவரைப் பொறுத்தவரை அந்த ஊரில் ஒரே ஒரு முதலாளிதான் இருக்கிறார். ஆக, தன் ஊதியத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வது என்பதன் பொருள், முதலாளியோடு சண்டையிடுவதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை மாறுவதோ அன்று. தனக்குள்ள மாற்று வழிகளின் எண்ணிக்கையைத் திட்டமிட்டுப் பெருக்கிக்கொள்வதே அது. அதற்கு முதலில் தேவைப்படுவது, தான் இப்போது எங்கே நிற்கிறோம் என்ற தெளிவு.

ஊதியச் சீட்டைப் படித்தல்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒருமுறை தமக்கு வந்த பணி நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மாதம் 23,000 ரூபாய் என்று வீட்டில் சொல்லிவிட்டிருந்தார். அதில் எழுதியிருந்தது சி.டி.சி. எனப்படும் நிறுவனத்தின் மொத்தச் செலவு. அது ஊதியம் அன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000. வீட்டு வாடகைப்படியும் பிற படிகளும் 8,000. ஆக மாதம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்காக 12,000-இல் 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய் பிடிக்கப்படும். கைக்கு வருவது 18,560. நிறுவனமும் அதே 1,440 ரூபாயைச் செலுத்தும். பணிக்கொடைக்கு மாதம் சுமார் 577, போனஸுக்கு சுமார் 1,000 என்று ஒதுக்கிக்கொள்ளும். இவை அனைத்தையும் கூட்டினால் 23,017. இரண்டுக்கும் இடைவெளி 4,457 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்கு, உணவகம், பேருந்து ஆகியவற்றுக்கான பிடித்தமும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் விரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தப் பணம் வேறு வேறு வடிவங்களில் பின்னர் வரக்கூடியதே. ஆனால் இரு வேலைகளை ஒப்பிடும்போது ஒன்றின் சி.டி.சி.யை மற்றொன்றின் கைச்சம்பளத்தோடு ஒப்பிட்டால் முடிவு தவறாகவே போகும்.

ஊதியச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படை ஊதியம். மொத்தத் தொகை ஒன்றாகவே இருந்தாலும், அடிப்படை ஊதியம் குறைவாகவும் படிகள் அதிகமாகவும் இருந்தால் வைப்பு நிதியும் பணிக்கொடையும் சுருங்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊதியம் என்று கணக்கிடப்படும் பகுதி மொத்தத்தில் பாதிக்குக் குறையக்கூடாது என்று வரையறுத்திருப்பது இதனால்தான். பணி நியமனக் கடிதம் தருவதையும் அவை கட்டாயமாக்கியுள்ளன. அடுத்துப் பார்க்க வேண்டியது மிகைநேர ஊதியம். தொழிற்சாலையில் வரையறுத்த நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இருமடங்கு வீதத்தில் ஊதியம் தரவேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் முதல் தொடரும் விதி.

இளைஞர்கள் பெரிதும் அலட்சியப்படுத்துவது வருங்கால வைப்பு நிதியை. வேலை மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை எடுத்து இருசக்கர வாகனத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நிறுவனம் செலுத்தும் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது என்பதும், அந்த ஓய்வூதியம் பெற 10 ஆண்டுகள் பணிக்காலம் கணக்கில் சேர வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. மூன்று நிறுவனங்களில் நான்கு நான்கு ஆண்டுகள் வேலை செய்தவர் ஒரே யு.ஏ.என். எண்ணின்கீழ் கணக்கை மாற்றிக்கொண்டே வந்திருந்தால் அவருக்கு 12 ஆண்டுப் பணிக்காலம் உண்டு. ஒவ்வொரு முறையும் முழுவதையும் எடுத்திருந்தால் அவருடைய பணிக்காலம் மூன்று முறை சுழியத்திலிருந்து தொடங்கியிருக்கும். தமிழ்நாடானாலும் கர்நாடகமானாலும் அந்த எண் ஒன்றே. வேலை நிலையற்றதாக இருக்கும் ஊரில் தொழிலாளியோடு கூடவே வரும் சொத்து அது.

ஊதிய உயர்வையும் விலைவாசியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு கிடைத்து, விலைவாசி 5 விழுக்காடு ஏறினால், ஐந்தாண்டுகளில் வாங்கும் சக்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துவிடும். சீட்டில் எண் கூடியிருக்கும். சந்தைப் பையின் எடை குறைந்திருக்கும்.

நான் யார் என்ற கேள்வி

ஊதியத்தின் அளவைவிட முக்கியமானது பணியின் தகுதிநிலை. 'நான் இங்கே சட்டப்படி யார்?' என்ற கேள்விக்கு ஆவணத்தோடு விடை சொல்லத் தெரிய வேண்டும்.

தொழில் பழகுநர் என்றால், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். வைப்பு நிதி முதலிய சட்ட உரிமைகள் பல அவருக்குப் பொருந்தா. 2019-ஆம் ஆண்டு விதித் திருத்தம் கல்வித் தகுதிக்கு ஏற்ப அவருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தது. இதற்கு ஈடாக அவருக்குக் கிடைக்க வேண்டியது, முறையான பயிற்சியும் தேர்வும் நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழும். எனவே அவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் பயிற்சி ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகியுள்ளதா? எந்தத் தொழிற்பிரிவில்? முடிவில் என்ன சான்று? இவற்றுக்கு விடையில்லாமல் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் மூன்று ஷிப்டும் நின்றால், குறைந்த கூலிக்கு உழைத்ததைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர் என்றால், ஒப்பந்ததாரர் ஊதியம் தராமல் போனால் அதைத் தரவேண்டிய கடமை முதன்மை நிறுவனத்துக்கு உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உரிமை உண்டு என்று புதிய சட்டத் தொகுப்பு கூறுகிறது. மற்றவர்களுக்கு இது பொதுவாக ஐந்தாண்டு.

இவை எல்லாவற்றையும்விட, தமிழ்நாட்டுக்கே உரிய சட்டம் ஒன்று உண்டு. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்காகத் தமிழ்நாடு 1981-இல் இயற்றிய சட்டம், 24 நாட்காட்டி மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. இந்த 480 நாள் கணக்கு நிறைவதற்குமுன் பணியில் இடைவெளி விடுவதும், பதவிப் பெயரை மாற்றுவதும், வேறொரு ஒப்பந்ததாரரின் பட்டியலுக்கு மாற்றுவதும் எதற்காக என்று இப்போது விளங்கும். சட்டம் இருப்பதால் மட்டும் உரிமை கைக்கு வந்துவிடாது. வேலை செய்த நாள்களை நிரூபிக்க வேண்டிய நிலை வரும்போது, நியமனக் கடிதம், அடையாள அட்டை, ஊதியச் சீட்டு, வருகைப் பதிவு, வங்கிக் கணக்கில் வரவு ஆகியவையே பேசும். இவற்றின் படங்களைக் கைப்பேசியில் மாதந்தோறும் சேமித்து வைக்க ஐந்து நிமிடம் போதும். பத்திரங்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் நம் குடும்பங்களில், பிள்ளையின் முதல் நியமனக் கடிதத்துக்கும் அந்தப் பெட்டியில் இடம் வேண்டும்.

கூடவே வரும் திறன்

பயிற்சியை இரு வகையாகப் பிரித்தார் பொருளியலாளர் கேரி பெக்கர். ஒன்று, எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத்திறன். மற்றொன்று, அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் தனித்திறன். 1964-இல் வெளிவந்த அவருடைய மனித மூலதனம் பற்றிய நூலில் உள்ள இந்தப் பாகுபாடு ஒசூரின் தொழிற்கூடங்களில் தினமும் செயல்படுகிறது. பொதுத்திறனைப் பெற்றவர் வேறிடத்துக்குப் போகக்கூடும் என்பதால் நிறுவனம் அதற்குச் செலவிடத் தயங்கும். எனவே அதன் செலவை, பணமாகவோ ஓய்வு நேரமாகவோ, பெரும்பாலும் தொழிலாளியே ஏற்க வேண்டியிருக்கிறது.

அசெம்பிளி வரிசையில் ஒரே திருகைப் பொருத்துபவர் அந்த வேலையைச் சில வாரங்களில் கற்றுவிடுகிறார். மூன்றாண்டு கழித்து அவருடைய சான்றிதழில் மூன்றாண்டு அனுபவம் என்றிருக்கும். சந்தை அதைச் சில வார அனுபவமாகவே மதிக்கும். அவரோடு சேர்ந்த மற்றொருவர் சி.என்.சி. இயந்திரத்தை இயக்குவதோடு நில்லாமல், அதற்கு நிரல் எழுதவும், கருவி மாற்றிப் பொருத்தவும், வரைபடம் படிக்கவும், அளவைக் கருவிகளைக் கையாளவும் கற்றிருந்தால், சிப்காட்டில் மட்டுமின்றி எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவிலும் ஜிகினியிலும் அவருக்கு இடம் உண்டு. அச்சுக் கருவித் தயாரிப்பு, ரோபோ பராமரிப்பு, பி.எல்.சி. நிரலாக்கம், தர ஆய்வு, மின்கலத் தொகுப்புப் பராமரிப்பு போன்றவை இந்த வட்டாரத்தில் கைமாறும் திறன்கள்.

கற்பதற்கு வழிகள் இல்லாமலில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும், பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீன இயந்திரங்களுடன் தரம் உயர்த்தும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. பள்ளிச் சான்று மட்டுமே வைத்திருந்தும் வேலையில் தேர்ந்தவர்களுக்கு, முன்பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று வழங்கும் ஏற்பாடும் தேசியத் திறன் திட்டங்களில் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்பவர் முதல் ஆறு மாதத்திலேயே தமக்குள் ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ள வேண்டும்: இந்த வாயிலை விட்டு வெளியேறும் நாளில் என்னோடு எது வரும்?

பெண்களுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 'கல்யாணம் ஆகும்வரைதானே' என்று குடும்பமும், 'இரண்டு மூன்று ஆண்டுகள்தானே இருப்பார்கள்' என்று நிறுவனமும் ஒரே மாதிரி எண்ணும்போது, இருவருமே அந்தப் பெண்ணின் பயிற்சிக்குச் செலவிடுவதில்லை. இருபத்து நான்கு வயதில் அவர் வேலையை விடும்போது சேமிப்பு நகையாக மாறியிருக்கும். திறனும் பணிக்காலமும் எங்கும் பதிவாகியிருக்காது. குழந்தை பள்ளிக்குச் சென்றபின் அவர் மீண்டும் வேலை தேடினால் தொடக்க ஊதியத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஆபரேட்டராகச் சேர்ந்த பெண் லைன் லீடராகவும், தர ஆய்வாளராகவும், மேற்பார்வையாளராகவும் உயர்வதற்கான பாதையை நிறுவனத்திடம் கேட்பதும், அதற்கான சான்றைக் கையில் வைத்திருப்பதும் அவருக்கு ஆண்களைவிட அதிகம் தேவை.

அத்திப்பள்ளிக்கு அப்பால்

ஒசூர் இளைஞருக்கு வேறு எந்தத் தொழில் நகரத்து இளைஞருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு உண்டு: ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் வேறொரு மாநிலம், வேறொரு குறைந்தபட்ச ஊதிய அட்டவணை, வேறொரு வேலைச் சந்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் பேசி வளரும் இப்பகுதி மக்களுக்கு மொழியும் தடையில்லை. இந்த மும்மொழித் திறன் மேற்பார்வை, விற்பனை, பராமரிப்புப் பணிகளில் விலை பெறக்கூடியது. ஆனால் பெரும்பாலானோர் அதைத் தம் தன்விவரக் குறிப்பில் எழுதுவதுகூட இல்லை.

அதே வேளையில், இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதையும் மறக்கலாகாது. எல்லைக்கு அப்பால் மாதம் 4,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கொள்வோம். போகவர நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகச் செலவானால், 26 நாளில் அது 52 மணி நேரம். ஆறரை ஷிப்டுக்குச் சமம். அந்த 4,000 ரூபாயை 52-ஆல் வகுத்தால் மணிக்கு 77 ரூபாய். முன்பு பார்த்த 18,560 ரூபாயை மாத வேலை நேரமான 208 மணியால் வகுத்தால் மணிக்கு 89 ரூபாய். ஆக, கூடுதல் ஊதியம் என்று நினைத்தது, தன் நேரத்தைத் தற்போதைய விலையைவிடக் குறைத்து விற்றதாக முடிகிறது. பயணச்செலவை இன்னும் கழிக்கவில்லை. அங்கே கற்கக்கூடிய வேலை மேலானதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும்; அப்போது அந்த இரண்டு மணி நேரம் கல்விச் செலவு. 480 நாள் சட்டம் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தபின் போவதும் சரி, தங்குவதும் சரி. பக்கத்து அறைக்காரர் போனார் என்பதற்காகப் போவதுதான் சரியன்று.

கேட்கும் முறை

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நம்மிடையே ஊதிய உயர்வு கேட்பதைக் கௌரவக் குறைவாகக் கருதும் மனப்பான்மை உண்டு. கேட்கும் சிலரும் தம் தேவையைச் சொல்லிக் கேட்கிறார்கள்: தங்கையின் திருமணம், வீட்டு வாடகை, தந்தையின் மருத்துவம். தேவை உண்மையானதுதான். ஆனால் நிறுவனத்தின் நிதித்துறை தேவைக்கு விலை போடுவதில்லை. பங்களிப்புக்கும் இழப்புக்கும்தான் விலை போடும்.

எனவே கேட்பவர் கையில் குறிப்பேடு ஒன்று வேண்டும். தம் இயந்திரத்தில் கழிவு எவ்வளவு குறைந்தது, கருவி மாற்றும் நேரம் எவ்வளவு சுருங்கியது, எத்தனை புதியவர்களுக்குத் தாம் கற்றுக்கொடுத்தார், எந்த மேம்பாட்டு யோசனை ஏற்கப்பட்டது என்பதைத் தேதியுடன் எழுதி வைத்திருக்க வேண்டும். இதே வேலைக்கு இந்த வட்டாரத்தில் என்ன ஊதியம் என்பதை நான்கைந்து இடங்களில் விசாரித்து அறிந்திருக்க வேண்டும். ஏப்ரலில் உயர்வு அறிவிக்கும் நிறுவனத்தில் மார்ச் இறுதியில் கேட்டுப் பயனில்லை. ஒதுக்கீடு முடிவாகும் முன், இரண்டு மூன்று மாதம் முன்பே பேச வேண்டும். பணம் தர இயலாது என்றால், பயிற்சி, பணிப்பிரிவு மாற்றம், பதவிப் பெயர் மாற்றம் ஆகியவற்றைக் கேட்கலாம். இன்றைய பதவிப் பெயரைத்தான் நாளைய நிறுவனம் முதலில் படிக்கும். வேறு வேலை கையில் இல்லாமல் 'போய்விடுவேன்' என்று மிரட்டுவது மட்டும் கூடாது. அந்தச் சொல் ஒருமுறைதான் செல்லும்.

தனிக்குரலும் கூட்டுக்குரலும்

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். 'உன் ஊதியத்துக்கு நீயே பொறுப்பு' என்ற வாசகம் எளிதில் திரிக்கப்படக்கூடியது. ஊதியம் உயரவில்லையென்றால் அது தொழிலாளியின் குற்றம் என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லும். ஆயிரம் பேர் ஒரே வேலை செய்யும் வரிசையில் தனியொருவரின் பேரம் எவ்வளவு தூரம் செல்லும்? முதலாளிகள் ஒன்றுகூடிக் கூலியைக் கட்டுப்படுத்துவது ஓசையின்றி நடக்கும் என்பதை 1776-லேயே ஆடம் ஸ்மித் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

ஒரு நிறுவனத்தில் குறை காணும் மனிதர் முன் இரு வழிகள் உள்ளன என்றார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், 1970-இல் வெளிவந்த தம் நூலில்: வெளியேறுவது, குரல் எழுப்புவது. எதைத் தேர்கிறார் என்பதில் விசுவாசத்துக்கும் பங்குண்டு. ஒசூரின் முதல் தலைமுறை பெற்ற ஏணி, பெருமளவு கூட்டுக்குரலால் கட்டப்பட்டது. ஊதிய ஒப்பந்தங்கள் யாரும் மனமிரங்கித் தந்தவை அல்ல. 2023 ஏப்ரலில் தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றிய 12 மணி நேர வேலை மசோதா, தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததால் சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளுள் ஒன்று, தங்கள் சங்கம் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது. குரலும் வெளியேறும் வாய்ப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வெளியே மாற்று வேலை கிடைக்கக்கூடிய தொழிலாளியின் குரலுக்கே உள்ளே மதிப்பு அதிகம். சக தொழிலாளியிடம் தன் ஊதியத்தை மறைக்காமல் பேசுவதுகூடக் கூட்டுக்குரலின் முதல் எழுத்துதான்.

அரசுக்கும் கடமைகள் உண்டு. 480 நாள் சட்டம் எத்தனை ஆலைகளில் பின்பற்றப்படுகிறது என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிடலாம். ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் இவ்வட்டாரத்தில் நிலவும் ஊதியத்தை வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அறிவிக்கலாம். காய்கறி விலையைத் தினமும் அறிவிக்க முடிகிற நாட்டில் இது இயலாததன்று. ஷிப்டு முடித்து வருபவர் படிக்கத்தக்க நேரத்தில் அரசுப் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் வகுப்புகள் நடத்தலாம். கல்லூரிகள் இறுதியாண்டில் ஒரு வாரம் ஒதுக்கி, நியமனக் கடிதத்தையும் ஊதியச் சீட்டையும் படிக்கக் கற்றுத் தரலாம். தேவை-அளிப்பு வளைகோடுகளை மூன்றாண்டுகள் வரையக் கற்றுத் தந்த நாங்கள் இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் இளைஞர் அரசையும் கல்லூரியையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. இந்த மாத ஊதியச் சீட்டை எடுத்து அடிப்படை ஊதியம் எவ்வளவு என்று பார்க்கட்டும். யு.ஏ.என். கணக்கைத் திறந்து நிறுவனத்தின் பங்கு மாதந்தோறும் வரவாகியிருக்கிறதா என்று சரிபார்க்கட்டும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை நாள் வேலை செய்திருக்கிறார் என்று எண்ணட்டும். அடுத்த ஆண்டு இதே நாளில், இன்று தெரியாத எந்த ஒரு வேலையைத் தெரிந்தவராக இருப்பார் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். அந்தத் தாளோடு அடுத்த முறை மேற்பார்வையாளர் முன் நிற்பவர், தன் உழைப்பின் விலை தெரிந்தவராகப் பேசுவார்.